படமாய் நின்ற பிள்ளைகள்

1

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லோரும் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். ஒன்று, கங்காரு வீட்டு முற்றத்துக்கு வருமா? மற்றது, ரீச்சர், நீங்கள் அங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள்? முதலாவதுக்கு வராது என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். இரண்டாவதைத்தான் இவ்வளவு காலமும் மழுப்பிக்கொண்டு வந்தேன். இந்தக் கிழமையோடு நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து ஐந்து வருடம் நிறைகிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு சங்கதியும் நடந்தது. இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று பேனையை எடுத்துக்கொண்டு குந்திவிட்டேன்.

வெள்ளைத் தோலுக்கு மட்டும் கதவு திறந்த காலம் முடிந்த கையோடு வந்து இறங்கியவர்கள் நாங்கள். என் வீட்டுக்காரர் நடராஜா இயந்திரங்களுக்கு வரைபடம் கீறுகிறவர். அவருக்கு டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் உடனேயே வேலை கிடைத்துவிட்டது. கோடும் அளவும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. நான் யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவள். இங்கே ஆங்கிலம் படிப்பிக்க வந்த தமிழச்சியைப் பார்த்துக் கல்வி அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள். பிறகு என் பெயரைக் கேட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

"குடும்பப் பெயர் என்ன?" என்று கந்தோரிலிருந்த பெண் கேட்டாள்.

எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். குடும்பப் பெயர் இல்லாத குடும்பமா என்று அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் பெயர் புனிதவதி. படித்த பட்டத்தில் என் பெயருக்கு முன்னால் என் தகப்பனார் பெயர் இருக்கிறது. கடவுச்சீட்டில் பின்னால் நடராஜா இருக்கிறார். அவருக்குக் குடும்பப் பெயர் கேட்டபோது விமான நிலையத்தில் யாரோ அவருடைய தகப்பனார் கந்தையாவையும் இழுத்துவந்து எங்கள் இருவருடைய பெயரோடும் சேர்த்துவிட்டார்கள். ஆக, மூன்று பெண்கள் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருப்பதாக அந்தக் கந்தோர் நினைத்துக்கொண்டது. மூன்று பேரும் நான் ஒருத்திதான் என்று நிரூபித்து முடிக்கும்வரை நான் ஒரு பிஸ்கட் ஃபக்டரியில் வேலை செய்தேன். வருடக் கணக்காக.

ஃபக்டரி வேலையில் குறைவில்லை. கூடவேலை செய்த பெண்கள் தங்கமானவர்கள். ஆனால் மெஷின் இரைகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளோடு ஒரு சொல்லுக் கதைக்க முடியாது. ஒருநாள் முழுக்கக் கதைக்காமல் இருந்து பாருங்கள். அதுவும் நான்! உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டே மனதுக்குள் பழைய பாடங்களைச் சத்தமில்லாமல் நடத்துவேன். முன்னால் இருக்கும் பிஸ்கட்டுகள்தான் மாணவிகள். அவர்களில் ஒருத்தியும் கேள்வி கேட்கமாட்டாள்.

இந்த வருடம் தொடங்கியபோதுதான் நோபல் பார்க்கில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு உயர்தரப் பள்ளியில் இடம் கிடைத்தது. பிள்ளைப்பேற்றுக்குப் போன ஒரு ரீச்சருக்குப் பதிலாக, டிசம்பர்வரை. வெண்கட்டியைக் கையில் எடுத்த முதல்நாள் கரும்பலகையில் இடமில்லாமல் எழுதித் தள்ளினேன். சந்தோசத்தில்தான்.

2

செப்டெம்பரில் அதிபர் மிஸ்டர் கோல்மன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். பிள்ளைப்பேற்றுக்குப் போன ரீச்சர் திரும்பி வரப்போவதில்லை என்றும், அந்த இடம் நிரந்தரமாகக் காலியாகிறது என்றும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"நீங்கள் பேசுவது விளங்கவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சில பெற்றோரும் முறையிட்டிருக்கிறார்கள். உங்கள் ஆங்கிலத்தில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒருவேளை பிழை இல்லாததுதான் பிரச்சினையோ தெரியாது."

நான் என்ன சொல்வது? நாங்கள் படித்த ஆங்கிலம் பாதிரிமார் கப்பலில் கொண்டுவந்த ஆங்கிலம். பெட்டியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, மடிப்புக் குலையாமல் கதைப்போம். இங்கே பிள்ளைகள் சொல்லைப் பாதியில் கடித்துத் துப்பிவிடுகிறார்கள். நான் முழுதாகச் சொன்னால் அவர்களுக்கு அது வேறு மொழி.

"வருட முடிவு விழாவில் உங்கள் வகுப்பு, நீங்கள் படிப்பிக்கும் அந்த நாவலை வைத்து ஏதாவது செய்யட்டும்," என்றார் அதிபர். "பிள்ளைகளுக்குக் கதை விளங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சிபாரிசு எழுதுவேன். எழுதாமலும் விடுவேன்."

வீட்டுக்கு வந்து அழுதேன். குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அவருக்கு வராத வேலை அது.

"விடும் புனிதம். உந்தப் பள்ளிக்கூடம் இல்லாட்டி என்ன? பிஸ்கட் ஃபக்டரிக்காரன் இப்பவும் உம்மைக் கேக்கிறானாம்."

"இஞ்சருங்கோ, செத்தாலும் நான் திரும்ப அந்த மெஷினுக்கு முன்னாலை போய் நிக்கமாட்டன். உந்தக் கதையை என்னட்டைச் சொல்லாதேங்கோ."

"சரி சரி. நான் என்ன கெட்டதே சொன்னனான்?"

எங்கள் ஒரே மகள் வதனி உள் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதே பள்ளியில், என் வகுப்பில்தான் படிக்கிறாள். அதுவே அவளுக்குப் பெரிய தண்டனை. வகுப்பில் என்னை மிசிஸ் நடராஜா என்று கூப்பிடுவாள், யாரோ தெரியாத மனுசியைக் கூப்பிடுவதுபோல. காலையில் வீட்டிலிருந்து ஒன்றாகப் புறப்படுவோம். பள்ளி மதில் தெரிந்ததும் அவளுக்குச் சப்பாத்து நாடா அவிழ்ந்துவிடும். தினமும் அவிழும். குனிந்து கட்டிக்கொண்டு, நான் உள்ளே போய் மறைந்த பிறகுதான் வருவாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில். தமிழ் மறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பூனைக்குத் தமிழில்தான் ஏசுகிறாள்.

அன்றைக்கு அறைக்கதவில் நின்று ஒரே ஒரு வசனம் சொன்னாள். "மம், ஐ ஆம் நொட் அக்டிங் இன் எனிதிங். ப்ளீஸ்."

3

பாடப்புத்தகமாக வைத்திருந்த அந்த நாவலின் பெயரைச் சொன்னால் நீங்கள் புரட்டாமலே ஓடிவிடுவீர்கள். அதனால் சொல்லவில்லை. விக்டோரியா மகாராணி காலத்து நாவல், தலையணைக்குப் பதிலாக வைத்துப் படுக்கலாம். லண்டனில் தையல் வேலை செய்து வீட்டைக் காப்பாற்றுகிற ஒரு பெண். செய்யாத களவுக்காக அவளுடைய தம்பியைப் பொலிஸ்காரன் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போகிறான். அவள் தெருத்தெருவாக அலைந்து உண்மையைக் கண்டுபிடித்து அவனை மீட்கிறாள். இவ்வளவுதான் கதை. இதைச் சொல்ல, நாவலை எழுதினவர் ஒரு பக்க நீளத்துக்கு ஒரு வசனம் எழுதுகிறார். முற்றுப்புள்ளியைக் கண்டால் பிள்ளைகள் கை தட்டாத குறை.

என் வகுப்பில் பாதிப்பேர் கிரேக்க, இத்தாலிய, யூகோஸ்லாவியப் பிள்ளைகள். தகப்பன்மார் கார் ஃபக்டரியில், தாய்மார் தையல் மெஷினில். வீட்டில் ஆங்கிலம் இல்லை. டெஸ்பீனா என்று ஒரு கிரேக்கப் பிள்ளை இருக்கிறாள், கறுத்த அடர்ந்த புருவம், பயமில்லாத வாய். ஒருநாள் கையை உயர்த்தி, "மிஸ், இந்தப் புத்தகத்தில் ஒரு படம்கூட இல்லையா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படித்த பழைய புத்தகங்களில் படம் இருந்ததே என்று யோசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை ரயிலேறிச் சிற்றியில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போனேன். இந்த மாநிலத்துக்கே அந்த மகாராணியின் பெயர்தான். அவருடைய காலத்துப் புத்தகம் இங்கே இல்லாமல் வேறெங்கே இருக்கும்? நூலகக்காரர் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். நாவல் முதலில் புத்தகமாக வரவில்லை. மாதத்துக்கு ஒரு மெல்லிய பகுதியாக வந்திருக்கிறது, எங்கள் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி. ஒவ்வொரு பகுதியிலும் படங்கள். எழுத வாசிக்கத் தெரியாத சனம் புத்தகக்கடைக் கண்ணாடியில் வைத்த படத்தை எட்டி எட்டிப் பார்த்து, இந்த மாதம் கதையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுமாம். எழுதுகிறவரும் படம் கீறுகிறவரும் மாமியும் மருமகளும்போல. சில வேளை அவர் சொன்ன காட்சியை இவர் கீறுவார். சில வேளை இவர் கீறிய படத்துக்கு அவர் கதை எழுதவேண்டிவரும்.

அதோடு விடவில்லை. நாவல் முடிவதற்கு முன்பே நாடகக்காரர்கள் அதைத் தூக்கி மேடையில் வைத்துவிடுவார்களாம். முடிவை அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள். அந்தப் புத்தகக் கட்டுக்குள் ஒரு பழைய நாடகப் பிரதியும் இருந்தது. காகிதம் தொட்டால் உதிரும். முதல் அங்கத்தின் கடைசியில் யார் யார் எங்கே நிற்கவேண்டும், யாருடைய கை எங்கே இருக்கவேண்டும் என்று எழுதி, அதன் கீழே தனியாக ஒரே ஒரு சொல் அச்சடித்திருந்தார்கள்: படம்.

அதாவது, நடிப்பவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் நாவலில் வந்த படத்தைப் போலவே அசையாமல் நிற்கவேண்டும். கடைக் கண்ணாடியில் பார்த்த படம் உயிரோடு நிற்பதைக் கண்டு சனம் ஆரவாரம் செய்யும். திரை விழும்.

கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். இதை எனக்குத் தெரியும்! இது எங்களுடையது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

4

எங்கள் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா என்றால் நாடகம், நாடகம் என்றால் வாடகைக்கு எடுத்த சீன் திரை. அரண்மனைச் சீன் ஒன்று, காட்டுச் சீன் ஒன்று, தெருச் சீன் ஒன்று. எந்தக் கதை என்றாலும் இந்த மூன்றுக்குள் அடக்கவேண்டும். நாடகத்தைப் பழக்குவது எப்போதும் நான்தான். ஒவ்வொரு காட்சி முடிவிலும் பிள்ளைகள் உறைந்து நிற்கவேண்டும். வாளை ஓங்கினவள் ஓங்கியபடி, மயங்கி விழுந்தவள் விழுந்தபடி. திரை விழும். சபை கை தட்டும். தட்டுகிற தட்டில் திரை மறுபடி ஏறும். ஏறும்போது ஒரு விரல்கூட இடம் மாறியிருக்கக்கூடாது. மூக்கில் நுளம்பு குந்திக் கடித்தாலும் சரி. ஒருமுறை பொற்சபை என்று ஒரு பிள்ளை தும்மிவிட்டாள். பாவம், இன்றைக்கும் அவளை ஊரில் தும்மல் ராணி என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. ஊர் நாடகக் கொட்டகைக்காரர்களிடமிருந்து வந்தது என்று தெரியும். அவர்களுக்கு மதராஸ் கம்பனிகள், மதராஸ்காரர்களுக்குப் பம்பாய்ப் பார்சிக் கம்பனிகள். பார்சிக்காரர்கள் யாரிடம் பார்த்தார்கள்? இதோ, இந்த உதிர்ந்த காகிதத்துக்காரரிடம். லண்டனிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து மதராஸ், மதராஸிலிருந்து தோணியேறி யாழ்ப்பாணம். அங்கிருந்து என் தலைக்குள் ஏறி மெல்பேர்ணுக்கு வந்திருக்கிறது. கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். வாங்கினவர்களிடம் பத்திரமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஓடிப்போய் கிரேக்கிடம் சொன்னேன். கிரேக் எங்கள் பள்ளி நாடக ஆசிரியர். தோள்வரை முடி, செருப்பு, அன்பான பெடியன். என் பெயர் நீளம் என்று 'பூனி' ஆக்கிவிட்டான். ஊரில் பூனைக்குக்கூட இதைவிட மரியாதையான பெயர் வைப்போம். சிற்றியில் புதுநாடகம் போடும் கூட்டத்தோடு சேர்ந்தவன். மேடையில் திரை கட்டுவதே பணக்காரர்கள் செய்த சதி என்பது அவனுடைய கட்சி.

"எல்லோரும் சிலையாக நிற்பதா?" என்று தலையில் கை வைத்தான். "பூனி, அது செத்த நாடகம். அதை அடக்கம் செய்து நூறு வருடம்."

"அது செத்தது உங்கள் ஊரில். எங்கள் ஊரில் போன வருடமும் கை தட்டினார்கள்."

"மனிதர்கள் அப்படி நிற்பதில்லையே."

"மனிதர்கள் பக்க நீளத்துக்கு வசனமும் பேசுவதில்லை. அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்திருக்கிறீர்களே?"

சிரித்துவிட்டான். தனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் விழா அன்று திரைக்கயிற்றைத் தானே இழுப்பதாக ஒப்புக்கொண்டான். சபை கை தட்டியதும் மறுபடி ஏற்றவேண்டும் என்று நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டான்.

5

நூலகத்தில் படங்களைப் பிரதி எடுத்துவந்தேன். பொல்லாத கறுப்பாக வந்தது. பொலிஸ்காரன் எது, அலுமாரி எது என்று தெரியவில்லை. குசினி மேசையில் அதைப் பரப்பிவைத்துக்கொண்டு நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது வதனி பாலெடுக்க வந்தாள். எட்டிப் பார்த்தாள். போனாள். திரும்பி வந்தாள்.

"ஹிஸ் ஹாண்ட் இஸ் ஒன் த போய்ஸ் ஷோல்டர்," என்றாள். பிறகு, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, "தோளிலை கை வைச்சிருக்கிறான்" என்றாள். ஒரு பென்சிலை எடுத்துத் தகப்பனுடைய வரைபடத் தாளின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கினாள்.

நான் மூச்சுக் காட்டவில்லை. காட்டினால் போய்விடுவாளே.

பெரிய தாள்களில் ஒவ்வொரு படமாகக் கீறினாள். மேசையில் சோறு வைக்க இடமில்லை. நாங்கள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். தகப்பனுடைய கோடு அவளுக்கு வந்திருக்கிறது, அதை நான் அதுவரை கவனித்ததில்லை. அவரும் வேலையால் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

"உந்தக் கதிரைக்கால் சரியில்லைப் பிள்ளை. உப்பிடி நிண்டா விழுந்துபோகும்."

"டாட், இட்ஸ் ஆர்ட்."

"ஆர்ட்டெண்டாலும் கதிரை நிக்கவேணும்."

அழித்துக் கீறினாள். அந்தப் பெரிய படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்துத்தான் நான் பாடமே நடத்தினேன். தம்பியின் முகத்தைப் பாருங்கள், அவன் யாரைப் பார்க்கிறான்? அக்காவையா, கதவையா? ஏன்? டெஸ்பீனா பதிலைத் தேடிப் புத்தகத்தைத் திறந்தாள். தானாகத் திறந்தாள்! படத்திலிருந்து எழுத்துக்குப் போனார்கள், எழுத்திலிருந்து மேடைக்கு வந்தார்கள். அக்காவாக டெஸ்பீனா, தம்பியாக ஒரு இத்தாலியப் பையன். நில் என்றால் நிற்கப் பழகினார்கள். முதலில் சிரிப்பு, பிறகு போட்டி, கடைசியில் பக்தி. எனக்கோ ஒவ்வொரு நாளும் அதே நினைப்புத்தான். இது எடுபடாவிட்டால் நான் மெஷினுக்கு முன்னால்.

6

வெள்ளிக்கிழமை. டிசம்பரில் இங்கே மாலை எட்டு மணிக்கும் வெயில். பள்ளி மண்டபத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியும் வெளிச்சம் ஒழுகியது. மண்டபத்துக்குப் போகும் நடையில் வதனியின் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தோம். தேத்தண்ணிக் கோப்பையோடு பெற்றோர் அதன் முன்னால் கூடிவிட்டார்கள். பள்ளி விழாவுக்கு வழக்கமாக வராத சனம். கிரேக்கத் தாய்மார் கறுப்பு உடையில், இத்தாலியத் தகப்பன்மார் கலியாணக் கோட்டுப் போட்டு. பிள்ளைகள் தங்கள் தங்கள் பாஷையில் படத்தைக் காட்டிக் கதை சொன்னார்கள். என்னவரும் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று நின்று வந்தார், கோயில் வீதி சுற்றுவதுபோல. அவருக்கு முன் வரிசையில், அதிபருக்குப் பக்கத்தில் இடம் வைத்திருந்தேன். அவர் அதற்கு வரவில்லை. பின்னுக்குப் போய்க் கிரேக்கத் தகப்பன்மாருக்கு நடுவில் இருந்துவிட்டார்.

முதல் காட்சி. சாப்பாட்டு மேசை. கதவு தட்டும் சத்தம், பொலிஸ்காரன், தம்பியின் தோளில் கை. அக்கா எழுந்து, கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நிற்கிறாள். படம். ஒரு பிழையில்லை. திரை விழுந்தது.

சபையில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளுக்குப் பழக்கினேன். கிரேக்குக்குச் சொல்லிக் கொடுத்தேன். சபைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஊரில் சபைக்கு ஒருவரும் பழக்கத் தேவையில்லை, தாய்ப்பாலோடு வந்த பழக்கம். இங்கே நாடகம் முழுக்க முடிந்த பிறகுதான் கை தட்டுவார்கள். நடுவில் தட்டுவது மரியாதையில்லை. ஐந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இது தெரியாதா எனக்கு? தெரியும். ஆனால் நாடகம் என்றதும் புத்தி யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது.

திரைக்குப் பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். திரை மறுபடி ஏறும்வரை அசையக்கூடாது என்று சொன்னவள் நான். டெஸ்பீனா கரண்டியை இன்னும் இறக்கவில்லை. கிரேக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏற்றுவதா விடுவதா என்று என்னைப் பார்க்கிறான். பொறு என்று அவனுக்குக் கையைக் காட்டினேன். திரையின் ஓரத்தால் பார்த்தேன். யாரோ இருமினார்கள். ஏதோ பழுதாகிவிட்டது என்று முன் வரிசையில் குசுகுசுத்தார்கள். அதிபர் கைமணிக்கூட்டைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். எல்லாம் போச்சு.

"வன்ஸ்மோர்!"

பின் வரிசையிலிருந்து. கொட்டகைக் குரல், மண்டபம் அதிர. அதைத் தொடர்ந்து இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். வீட்டில் ரேடியோவைக்கூடக் கூட்டி வைக்காத மனுசன்! எல்லாத் தலையும் திரும்பின. அவர் எழுந்து நின்று, தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். "வன்ஸ்மோர்! வன்ஸ்மோர்!"

என் பக்கத்தில் நின்ற வதனி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "ஓ மை கோட். ஐயோ, அப்பா."

இனி இவள் என்னோடும் தகப்பனோடும் ஆயுளுக்கும் கதைக்கப்போவதில்லை என்று நினைத்தேன். அவளுடைய தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிக்கிறாள்! ஒரே பாய்ச்சலில் போய்க் கிரேக்கின் கையிலிருந்து கயிற்றைப் பறித்து, முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள்.

திரை ஏறியது. தோளில் கை, கையில் கரண்டி, கதவைப் பார்த்த கண். ஒன்றும் அசையவில்லை. வெளியே நடையில் பார்த்த அதே படம்! 'ஆ' என்று ஒரு மூச்சு மண்டபம் முழுக்கப் போனது. அவர்கள் இவ்வளவு நேரமும் அசையாமல் நின்றிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. பின் வரிசையில் தொடங்கிய கைதட்டல் முன் வரிசைக்கு வந்துசேர்ந்தது. இரண்டாவது காட்சி முடிவில் கிரேக்கத் தகப்பன்மார் எங்கள் ஆளை முந்திக்கொண்டு கத்தினார்கள். கடைசிக் காட்சியில், அக்காவும் தம்பியும் சிறைவாசலில் சந்திக்கும்போது, கறுப்புச் சட்டைத் தாய்மார் வாய்விட்டு அழுதார்கள். திரையை எத்தனை தரம் ஏற்றினோம் என்று எனக்கு நினைவில்லை. கயிற்றை வதனி கடைசிவரை விடவில்லை. கிரேக் பக்கத்தில் நின்று, இவ்வளவு காலமும் சபையைத் தட்டி எழுப்பத்தான் நாங்கள் முயன்றுகொண்டிருந்தோம் என்று முணுமுணுத்தான். நான் அதைக் கேளாததுபோல இருந்துவிட்டேன். வென்றவள் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்கத்தானே வேண்டும்.

முடிந்தபிறகு தேத்தண்ணி, தேங்காய்ப்பூ தூவிய கேக். அதிபர் என்னிடம் வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாயைத் திறக்கப் போனார். அதற்குள் டெஸ்பீனாவின் தாய் நடுவில் புகுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கட்டையான மனுசி, ஊசி குத்திக் குத்தி மரத்த விரல்கள். கிரேக்க மொழியில் பொழிந்து தள்ளினாள். நான் என்ன செய்வேன், தலையை ஆட்டினேன். இடையில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. "ஓமம்மா, ஓம்" என்றேன். அவள் இன்னும் கூடச் சொன்னாள்.

"என்ன சொல்கிறார்?" என்று அதிபர் டெஸ்பீனாவைக் கேட்டார்.

"அம்மாவும் ஒரு தையல்காரி. அக்கா ஏன் அப்படி அலைந்தாள் என்று தனக்குத் தெரியுமாம். இந்தப் பள்ளிக்கூடத்தில் யார் பேசினாலும் தனக்கு ஒன்றும் விளங்குவதில்லையாம். இந்த ரீச்சர் சொன்னது எல்லாம் விளங்கினதாம்."

அதிபர் என்னைப் பார்த்தார். டெஸ்பீனாவின் தாய் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து இன்னொன்றும் கேட்டாள்.

"என் தங்கச்சி வரப்போகிற வருடம் இங்கே வருகிறாள். அப்போதும் இந்த ரீச்சர் இருப்பாரா என்று அம்மா கேட்கிறார்."

அதிபர் தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். எனக்கு அது ஒரு யுகம்.

"இருப்பார் என்று சொல்," என்றார்.

டெஸ்பீனா கிரேக்கத்தில் சொன்னாள். தாய் என் கன்னத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சினாள். அதிபர் என் கையைக் குலுக்கிவிட்டு மற்றப் பெற்றோரிடம் போனார். கேக்குத் துண்டோடு என்னவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துசேர்ந்தார், பிழை செய்தவர்போல மெல்ல.

"என்னவாம் உந்தாள்? நான் கத்தினதுக்கு ஏசிப்போட்டானோ?"

"அடுத்த வருசமும் என்னை வரச் சொல்லுறார்."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. "அப்ப, அந்த ஃபக்டரிக்காரனுக்கு என்ன சொல்லுறது?"

"வேறை ஆளைப் பாக்கச் சொல்லுங்கோ."